வாசலைப் பார்த்து நின்ற யானை

எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது ஒரு தவளை. குளியலறையில் சோப்பு வைக்கிற பீங்கான் தவளை. வாயை ஆவென்று திறந்துகொண்டு, சோப்பை இப்போது கொடுக்கிறாயா இல்லையா என்று அதட்டுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்கு முன் எங்கள் வீட்டில் அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை. பெருமாள் படங்கள், தினம் கிழிக்கிற காலண்டர், கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். பல வருஷமாக இரண்டே பேர் இருந்த வீடு. வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும், எதையும் யாரும் இழுத்துப் போடமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் வீட்டை என்ன நேர்த்தியாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தவளை வந்ததற்குக் காரணம் ஒரு முயல். தத்து எடுக்கப் பதிவு செய்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதையே நாங்கள் விட்டுவிட்டிருந்த காலத்தில், சித்தூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. போனோம். ஐந்து வயதுப் பெண் குழந்தையை எங்களுக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை. என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை. கடைசியில், உனக்கு என்ன பிடிக்கும் என்று எல்லாப் பெரியவர்களும் கேட்கிற கேள்வியையே நானும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் போட்டிருந்த கவுனில் நெஞ்சுக்கு நேரே ஒரு முயல் படம் இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டாள். நாங்கள் எழுந்து வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கிளம்பும்போது அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். இந்தக் குழந்தை இதற்கு முன் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். அவர்களுக்கு ஒத்துவரவில்லையாம். கடையில் எடுத்த புடவையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை, பாவம், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அப்படிக் கேட்டது. உங்களிடம் வந்த பிறகும் இங்கிருந்து மேடம் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், குழந்தையிடம் தனியாகக் கேட்பார், அவள் அங்கே இருக்க மனமில்லை என்று சொல்லிவிட்டால் அழைத்து வந்துவிடுவோம், இரண்டாவது முறையும் அப்படி ஆனால் இந்தக் குழந்தை தாங்காதம்மா என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மாம்பழ சீசன். ஊர் எல்லை தாண்டும்வரை மாங்கூழ் ஆலைகளின் தித்திப்பு வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. "முயல் பிடிக்கும் போலிருக்கே" என்றார் என் கணவர். ஒரு முயல் பொம்மை வாங்கிவைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எங்களுக்கு அந்த நிதானம் எங்கே இருந்தது? எங்கள் ஊர் திருப்பதியின் மலை கண்ணில் பட்டபோது நாங்கள் மனதுக்குள் வீடு பூராவும் பிராணிகளை நிரப்பி முடித்திருந்தோம்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கனவில் கடைக்குப் போன மாதிரி இருக்கிறது. எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு வால் இருந்தது. தும்பிக்கையை நீட்டிக்கொண்டு துணி மாட்டக் காத்திருக்கும் பித்தளை யானைகள். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க மணல் அடைத்த பூனை. மின்சார சுவிட்சுகளைச் சுற்றி ஒட்டுகிற அணில். முதுகில் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும் முயல் நாற்காலி. உயரம் அளக்க ஒரு ஒட்டகச்சிவிங்கி. கிளிகள் அச்சிட்ட மெல்லிய திரைத்துணி எடுத்து நானே தைத்தேன். கோயில் கடைத்தெருவில் மர பொம்மைகள் விற்கிற வரிசை இருக்கிறதே, அங்கே குதிரை, மான், பசு என்று கை கொள்ளாமல் வாங்கினோம். பெருமாளும் தாயாருமாக ஜோடி பொம்மை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் மன்றாடிப் பார்த்தார். மனுஷ உருவம் எதுவும் வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் போதாதென்று என் கணவர் கூடத்துச் சுவரில் படம் எழுத ஆரம்பித்தார். அவர் வீட்டார் வழிவழியாகக் கோயில் வாகனங்களைத் துடைத்து, பட்டு சாத்தி, புறப்பாட்டுக்குத் தயார் செய்கிற கைங்கரியத்தில் இருப்பவர்கள். அந்த முறை இப்போது அவருடைய அண்ணாவிடம் இருக்கிறது. இவருக்குச் சித்தூரில் ஆபீஸ் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்தில்தான் வருவார், உற்சவத்துக்கு மட்டும் லீவு போட்டுக்கொண்டு ஓடுவார். ஆனாலும் கை மறக்கவில்லை. சமையலறை வாசலில் ஆரம்பித்துத் தெருக்கதவு வரைக்கும் நீண்ட சுவரில் ஒரு ஊர்வலமே எழுதினார். முன்னால் அன்னம், பின்னால் குதிரை, அப்புறம் மீசை வைத்த சிங்கம், கடைசியில் யானை. உண்மையான வாகனங்களுக்கு இருப்பதுபோலவே முழித்த பெரிய கண்கள், கழுத்தில் சலங்கை, முதுகில் பட்டுத் துணி. யானைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூராவும் எடுத்துக்கொண்டார். நான் கொண்டுபோன காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கால் உள்ள பொம்மை எதுவானாலும் வாசலைப் பார்த்துத்தான் வைப்பார்கள். கொலுவில் வைத்தாலும் சரி, அலமாரியில் வைத்தாலும் சரி. வாகனம் என்றால் எப்போது கூப்பிட்டாலும் வீதிக்குக் கிளம்பத் தயாராக நிற்க வேண்டும், பின்னழகைக் காட்டிக்கொண்டு நிற்பது மரியாதையில்லை. நான் அந்த வீட்டில் மருமகளாக நுழைந்து இத்தனை வருஷமாகிவிட்டது. எனக்கும் கை அப்படியே பழகிவிட்டது. பூனை, முயல், மான், மர யானை எல்லாவற்றையும் யோசிக்காமல் தெருக்கதவைப் பார்த்து வைத்தேன். சுவரில் இருந்த ஊர்வலமும் தெருவை நோக்கித்தான் போனது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா, தெலுங்குக்காரர், பார்க்க வந்தவர், குதிரை வெளியே ஓடுகிற மாதிரி வைத்தால் லக்ஷ்மியும் கூடவே போய்விடுவாள் என்று கவலைப்பட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். போகிற அளவுக்கு லக்ஷ்மி இங்கே என்றைக்கு வந்தாள் என்று நான் கேட்டேன்.

மழை தொடங்குகிற சமயத்தில் அவள் வந்தாள். பாப்பா என்று கூப்பிட்டோம், இன்றைக்கும் வீட்டில் அதுதான். ஒரு துணிப்பையில் அவளுடைய உடைகள். கதவைத் திறந்ததும் அவள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள், சிரிப்பாள், முயல் நாற்காலியில் ஏறி உட்காருவாள் என்று நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு தெருக்கதவுக்குப் பக்கத்தில், அன்னத்தின் அலகுக்குக் கீழே, பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

எந்தத் தொந்தரவும் கொடுக்காத குழந்தை. அதுதான் என்னைக் கொன்றது. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். தட்டை அவளே கழுவி வைப்பாள். முதல் நாளிலிருந்தே என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அதில் நான் பூரித்துப்போக ஒன்றுமில்லை, காப்பகத்தில் சோறு போடுகிறவரும் அம்மா, தலைவாரி விடுகிறவரும் அம்மா. என் கணவரை சார் என்றாள். ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்பாள், அளந்து முடிந்ததும் மறுபடி கதவோரம். முயல் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைப் பிரித்து அலமாரியில் அடுக்கலாமா என்று கேட்டால், இருக்கட்டும்மா என்று பெரிய மனுஷி மாதிரி சொல்வாள். நான் உள்ளே போய் எடுத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பொம்மைகள் போதவில்லை என்று நினைத்தோம். இரண்டு படித்த முட்டாள்களுக்கு அதற்கு மேல் என்ன தோன்றும்? வாத்து விளக்கு வந்தது. ஆமை மிதியடி வந்தது. என் கணவர் சித்தூரிலிருந்து வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கையில் இருக்கும், அதுவும் வந்து வாசலைப் பார்த்து நிற்கும்.

மத்தியான நேரத்தில் அந்தக் கூடத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. கிளித்திரை வழியாக வெயில் பச்சையாக இறங்கித் தரையில் குளம் கட்டும். மின்விசிறிக் காற்றில் திரை அசையும். கிளிகளின் நிழல்கள் யானையின் முதுகில் ஏறி, சிங்கத்தின் மீசையைத் தடவிக்கொண்டு, குதிரையின் காதுவரை போய்த் திரும்பி வரும். எங்கோ கோயில் ஒலிபெருக்கி பாசுரம் சொல்லிக்கொண்டிருக்கும், ஆனால் வார்த்தை காதில் ஏறாது, ராகம் மட்டும் வரும். அரைத் தூக்கத்தில் பார்த்தால் ஊர்வலம் ஓர் அடி நகர்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் கண் சொருகினால் சலங்கைச் சத்தம்கூடக் கேட்கும். காலேஜ் ஆபீஸ் வேலைக்கு நீண்ட லீவு போட்டிருந்த எனக்கு, பாயில் ஒருக்களித்துப் படுத்து அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. நானும் அவைகளோடு படி இறங்கி, மழை பெய்து ஓய்ந்த மாட வீதியில் நடப்பதுபோல இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்தபோது பாப்பா கதவோரம் இல்லை. யானைக்குக் கீழே நின்று, அதன் முன்னங்கால் பக்கத்தில் சுவரில் விரல் வைத்து அளந்துகொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் முறையாக அவளாகப் போய்த் தொட்டிருக்கிறாள். அசையாமல் படுத்திருந்தேன். அவள் திரும்பி, நான் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இதுங்க எப்போம்மா போவும்?" என்று கேட்டாள்.

எது என்று கேட்டேன். எல்லாவற்றையும் காட்டினாள். யானை, குதிரை, கதவுப் பூனை, அலமாரியில் இருந்த மான்.

"ரெடியாவே நின்னுக்கினு இருக்குதே. நகந்துக்கினே கூட இருக்குது. யாரும் வந்து கூட்டிக்கினு போவலியா?"

எங்கேயும் போகாது, அதுகளுக்கு இதுதான் வீடு என்றேன். அவள் நம்பவில்லை. பொய் சொல்கிற பெரியவர்களை நிறையப் பார்த்தவளின் பொறுமையோடு எனக்கு எடுத்துச் சொன்னாள். வீடாக இருந்தால் வெளியே பார்த்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்? காப்பகத்தில் யாரையாவது அனுப்புவதாக இருந்தால் தலை வாரி, பவுடர் போட்டு, கேட்டைப் பார்த்து நிற்க வைப்பார்கள். வண்டி வரும்வரை திரும்பக் கூடாது.

"அந்த வூட்டுலயும் என்னை அப்டிதான் நிக்க வெச்சாங்க. பையைக் குடுத்து, கதவாண்ட" என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அவள் உட்காருகிற இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அப்போதுதான் பார்த்தேன். வீட்டில் இருந்த அத்தனை ஜீவனும் புது உடுப்பு போட்டுக்கொண்டு, பெரிய கண்களைத் திறந்துகொண்டு, கதவையே பார்த்து நின்றது. ஒன்றுகூட உள்ளே பார்க்கவில்லை. இத்தனை நாளாக எனக்குக் கனவாக இருந்தது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்? பச்சை வெயிலில் ஊர்வலம் நகர நகர நான் சுகமாகக் கிடந்தேன். அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அவள் விரல் வைத்து அளந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்கு அவள் இன்னும் இடம் கொடுத்திருக்கவில்லை.

சாயந்திரம் என் கணவர் வந்ததும் சொன்னேன். கால்கூடக் கழுவாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஏதாவது சமாதானம் சொல்வார், எங்கள் வழக்கம் அது என்பார், குழந்தைக்கு என்ன தெரியும் என்பார், பிடித்துக் கத்தலாம் என்று நான் தயாராக இருந்தேன். கத்துவதற்கு எனக்கு யாராவது வேண்டியிருந்தது. அவர் அதற்கு இடமே வைக்கவில்லை.

"பெரிய திருவடி சந்நிதிக்கு எதிர்ல உள்ளே பாத்துண்டுதானே நிக்கறார். தினம் சேவிக்கறேன், எனக்குத் தோணலை பாரு" என்றார்.

கருடனைத்தான் அப்படிச் சொல்வோம். கோயிலில் புறப்பாட்டு வாகனங்கள் வீதியைப் பார்க்கும். ஆனால் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி நிற்கிற கருடன் பெருமாளையே பார்த்துக்கொண்டிருப்பார், எங்கேயும் போகமாட்டார். இரண்டும் எங்களுக்குத் தெரிந்ததுதான். கிளம்புகிறதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம்.

பாப்பாவைக் கூப்பிட்டு, இதுகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், நீ சொல் என்றார். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பூஜை அலமாரியைக் காட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். தன் படுக்கையைக் காட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சமையலறையைக் காட்டினாள்.

"சோறு அங்கதானே கீது" என்றாள்.

பொம்மைகளைத் திருப்புவது சுலபமாக முடிந்தது. மூன்று பேரும் குனிந்து நிமிர்ந்து செய்தோம். வாத்து, ஆமை, பூனை, மரக் குதிரை எல்லாம் அடுப்பைப் பார்த்து நின்றன. நான் அரிசி களைய உள்ளே போனபோது அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. சாப்பாடு எப்போது என்று எல்லாமாகச் சேர்ந்து கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவர்தான் பெரிய தொல்லை. மொத்தமாக வெள்ளையடித்துவிடலாம் என்றேன். அதற்குப் பாப்பா ஒப்புக்கொள்ளவில்லை, அழித்தால் அதுகள் எங்கே போகும் என்றாள். அதனால் அவர் அடுத்தடுத்த விடுமுறைகளில் ஒவ்வொன்றின் தலையாக அழித்து, பின்னால் திரும்பிப் பார்க்கிற மாதிரி மாற்றி எழுதினார். அன்னத்துக்குக் கழுத்து நீளம், அழகாக வளைந்து திரும்பிக்கொண்டது. குதிரைக்கும் வந்துவிட்டது. சிங்கம் முதுகு சொறிந்துகொள்கிற நாய் மாதிரி ஆகிவிட்டாலும் பரவாயில்லை, சமையலறையைப் பார்த்தது. யானைக்குத்தான் கழுத்தே கிடையாதே. அவர் எழுதியதிலேயே அழகானதும் அதுதான். அந்தத் தலையை அழிக்க அவருக்கு மனசே வரவில்லை. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாப்பாவும் அவரைப் போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாலு இருக்கற பக்கம் இன்னொரு மூஞ்சி போட்டுடு சார்" என்றாள்.

இரண்டு பக்கமும் தலை இருந்தால் அது யானையாகவா இருக்கும் என்று அவர் கேட்டார். வாகனம் பார்த்து வளர்ந்தவருக்கு உடம்பே கூசியிருக்க வேண்டும்.

"ரெண்டு பக்கமும் மூஞ்சி இருந்தா எப்டி போவும்? இங்கயேதான் இருக்கும்" என்றாள் பாப்பா.

அவர் எழுந்தார். வாலை அழித்தார். அந்த இடத்தில் நெற்றி வந்தது, காது வந்தது, சமையலறைப் பக்கமாகத் தும்பிக்கை நீண்டது. அவள் சாயக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். கண்ணை மட்டும் அவர் எழுதவில்லை. எந்த உருவமானாலும் கண் திறப்பதற்கு ஒரு நல்ல நாள் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் திறப்போம், நீதான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்க வேண்டும் என்று பாப்பாவிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் துணிப்பை கதவோரத்திலேயேதான் இருந்தது. அவளும் மத்தியானங்களில் அங்கேயேதான் போய் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை மேடம் வந்துவிட்டார். நாங்கள் இன்னும் சில நாள் கழித்துத்தான் வருவார் என்று நினைத்திருந்தோம். என் கணவர் சித்தூரில் ஆபீசில் இருந்தார். நான் மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தேன். நல்ல மாதிரியான பெண்மணிதான், பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு பக்கமும் தலை உள்ள யானையை, அதில் ஒரு தலைக்குக் கண் இல்லாததை, சற்று அதிக நேரம் பார்த்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குக் கவலை வந்தது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, குழந்தையிடம் கொஞ்சம் பேச வேண்டும், நீங்கள் உள்ளே இருங்கள் என்றார்.

சமையலறையில் நின்றேன். எல்லா பொம்மைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுப்பை அணைத்துவிட்டேன், இல்லாவிட்டால் குக்கர் சத்தத்தில் கேட்காது. மேடம் தெலுங்கில் ஆரம்பித்து, பிறகு தமிழுக்கு வந்து, ஏம்மா பாப்பா, இங்கே நன்றாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா, என்னோடு வருகிறாயா, எதுவானாலும் சொல்லலாம் என்று இதமாகத்தான் கேட்டார். பாப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். எனக்கு அவளை முதன்முதலில் பார்த்த அன்று அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது.

அப்புறம் காலடிச் சத்தம். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பாப்பா எழுந்து தெருக்கதவைப் பார்த்து நடந்தாள். மேடம் தடுக்கவில்லை. கதவைத் தாண்டி வெளியே படிக்கட்டு ஓரத்துக்குப் போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. பிடித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது, அவளாகச் சொல்ல வேண்டிய பதில் அது. சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் எதற்கும் பயந்ததில்லை.

பாப்பா வெளியே குந்தி உட்கார்ந்தாள். அங்கே மேடம் கழற்றிவிட்டு வந்த செருப்பு இருந்தது. உள்ளே வருகிறவர்கள் விடுகிற மாதிரி வீட்டைப் பார்த்துக் கிடந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி, ஜோடி பிசகாமல் சேர்த்து வைத்தாள். கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மேடத்துக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க போங்க மேடம். நான் வர்ல" என்றாள். "நாளைக்கு நைனா யானைக்குக் கண்ணு தொறக்கப் போவுது. நான் வெளக்கு புடிக்கணும்."

மேடம் சிரித்தாரா, என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் கொஞ்சம் அழுதேன். அவர் போகும்போது செருப்பைத் திருப்ப வேண்டிய சிரமம்கூட இல்லாமல் காலை நுழைத்துக்கொண்டு படி இறங்கினார். பாப்பா சமையலறைக்குள் வந்து, அடுப்பை ஏன் அணைத்தாய், பசிக்கிறது என்றாள்.

அவளுக்குத் தட்டு வைத்துவிட்டு என் கணவருக்கு போன் செய்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், செருப்பைத் திருப்பி வைத்தது வரைக்கும். பாப்பா அவரை நைனா என்று சொன்னதையும் சொன்னேன். எங்கள் வீடுகளில் அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் வெளியே தெருவெல்லாம் கேட்டு வளர்ந்த வார்த்தைதான். மறுமுனையில் ஆபீஸ் சத்தம் மட்டும் கேட்டது. பஸ் நிலையத்து இரைச்சல், சரியாகக் காதில் விழவில்லை, மறுபடி சொல் என்றார். அவர் ஆபீசுக்குப் பக்கத்தில் பஸ் நிலையம் எதுவும் கிடையாது. நான் மறுபடி சொன்னேன்.